தவளைக் காருக்கு ஒரு சீசன்

எங்கள் குற்றாலத்துக்காரர்களுக்கு வருஷத்தில் மூன்று மாதந்தான் உயிர். மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழுந்துவிட்டால் லாட்ஜ் அறை, மங்குஸ்தான் பழம், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் கூலி, எல்லாவற்றுக்கும் கொம்பு முளைத்துவிடும். அது முடிந்தால் அதே அறையைச் சும்மா கொடுத்தாலும் ஆள் வராது. "இப்ப சீசன் இல்லல்லா" என்பார்கள். பெண்ணுக்கு வரன் அமையாததற்குக்கூட அதையே சொல்லுவார்கள். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒன்பது வயதில் நான் என் ஆயுசின் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

அப்பா ஓர் எஸ்டேட் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளியிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. சீமையில் செய்தது. கூரை கிடையாது, சீட்டு இரண்டே இரண்டு. விளக்குகள் பானெட்டின் மேலே முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் தென்காசி முழுக்க அதற்குத் தவளைக் கார் என்றுதான் பெயர். வந்த புதிதில் அதன் விலைக்கு நாலு ஏக்கர் நஞ்சை வாங்கியிருக்கலாமாம். முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாடு கிளம்பியபோது அதைச் சீந்த ஆளில்லை. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம். இரண்டு பேர் போவதற்கு அவ்வளவு குடிக்கிற வண்டியை எவன் வாங்குவான்? கடைசியில் சாவியை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு வேலை போயிற்று, கார் வந்தது.

அம்மா என்னைப் பெற்ற வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு சீட்டு, இரண்டு பேர். எங்களுக்கென்றே அளவெடுத்தது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தருவி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வருவோம். அப்பா பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். உலகத்தில் எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஒருநாள் அவர் பக்கத்துத் தெரு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நல்ல வெலைக்குப் போச்சுன்னா பழைய டாக்சி ஒண்ணு வாங்கி இங்கனயே ஓட்டிக்கிட்டுக் கெடப்பேன். இல்லன்னா துபாய்க்குப் போய்த்தான் ஆவணும். ஆனா இந்த வண்டிக்கு இப்ப சீசன் இல்லியே."

எனக்குப் பாதி உயிர் போய், பாதி வந்தது. அப்போது பங்குனி. ஆனி பிறந்தால் சாரல் விழும், கார் விலை ஏறும், அப்பா போகவேண்டாம். அதுவரை யாரும் அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே!

சித்திரையில் புளியறையிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பா வீட்டில் இல்லை. நான் பின்பக்கக் கொட்டகையில், காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"ஏ பாப்பா, ஒங்கப்பா வண்டி விக்காருன்னு கேள்விப்பட்டேனே. எங்க ஆளு?"

"இப்ப குடுக்க மாட்டோம் மாமா" என்று ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சாரல் விழட்டும், பொறவு வாங்க."

"ஆத்தாடி! வண்டிய விட்டு எறங்க மாட்ட போலுக்கே" என்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

அந்த வருஷம் சாரல் அமோகம். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்றேன். ரோடு கொள்ளாமல் ஜனம். ஒருத்தர்கூட எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெயின் அருவி மட்டும் போதாது, ஐந்தருவியிலும் அஞ்சு கிளையும் விழவேண்டும் போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அஞ்சும் விழுந்தது. ஆடிக் கடைசியில் அப்பா என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினார்.

"அழாதட்டி. அடுத்த சீசனுக்கு வந்துருவேன். காரு ஒனக்குத்தான், பத்தரமா பாத்துக்க."

நாலு சீசன் வந்து போயிற்று. சாயங்காலம் அத்தை வீட்டிலிருந்து போய்க் கொட்டகையைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அப்பா ஓட்டுகிற வலது சீட்டில் அவர் போனபின் ஒருநாளும் உட்காரவில்லை. ஓட்டு இடுக்கு வழியே மழை காருக்குள் ஒழுகும். இருட்டும்வரை இருந்துவிட்டு வருவேன். அத்தை நல்லவள்தான், ஆனாலும் அது அத்தை வீடு.

ஐந்தாம் சீசனில் அப்பா பாதி நரையோடு வந்தார். காரின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. பழைய இரும்புக்காரன் வந்து எடைக்குத்தான் எடுப்பேன் என்றான். தவளையின் இரண்டு கண்ணையும் கழற்றித் தராசில் வைத்தபோது என்னால் தாங்கமுடியவில்லை. மரக்கடைக்காரரைத் திருப்பியனுப்பியதை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"தெரியும்ட்டி" என்றார் அப்பா. "மறுநாளே என்னத் தென்காசி பஸ் ஸ்டாண்டுல பாத்தாரு. டாக்சி வாங்குத அளவுக்கு நல்ல வெலைதான் சொன்னாரு. 'ஒம்ம மவ வண்டியக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு எறங்க மாட்டேங்கா அண்ணாச்சி'ன்னாரு. தாயில்லாப் புள்ள, அதுக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்னு தோணிச்சு. வேண்டாம்னுட்டேன்."

பதினாலு வயதில் எனக்குக் கோபந்தான் வந்தது, நல்ல விலையை விட்டுவிட்டாரே என்று.

போன வருஷம் கோயம்புத்தூரில் பழைய கார்க் கண்காட்சியில் அதே மாதிரித் தவளைக் கார் ஒன்று நின்றது. விலை கேட்டேன். தென்காசியில் இரண்டு வீடு கட்டலாம். "இப்ப இதுக்குத்தான் மேடம் சீசன்" என்றான் அங்கிருந்த பையன். காரைச் சுற்றி வந்து இடது கதவருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் போகவிடாமல் தடுக்கப் பார்த்தது காரையல்ல, அப்பாவைத்தான். அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றிய வயதில் அவர் இல்லை.