ஒரே சுருள்

என் நாத்தனாருக்குக் கண்ணும் காதும் விரலில்தான். தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள். தொட்டுப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். அதே கையால் வீட்டுக் கதவு, சுவிட்சு எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறையும் வைப்பாள். அந்தக் கையை நம்பித்தான் குறும்பட விழாவில் புரொஜெக்டரை அவள் தலையில் கட்டினார்கள்.

அந்த விழாவில் வீடியோவுக்கு இடமில்லை. ஆளுக்கு ஒரு பிலிம் சுருள், மூன்று நிமிஷம். எடுத்த சுருளையே கழுவி ஓட்டுவார்கள். பிரதி கிடையாது, அறுந்தால் அறுந்ததுதான்.

அன்று காலை சோதனைக்குப் போட்ட பழைய சுருளைப் புரொஜெக்டர் கடித்துத் துப்பிவிட்டது. வேறு புரொஜெக்டர் இல்லை. கழற்றி மாட்டியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பிலிம் இந்த இடத்துல வளையமா நிக்கணும். சுருங்கினா போச்சு. விரலாலயே தள்ளிவிட்டுட்டு இருக்கணும். நீ டார்ச்ச பிடி" என்றாள்.

எட்டாவது சுருள் ஒரு லாரி டிரைவருடையது. அதை எடுத்த மூன்றாம் மாதம் அவர் மனைவி இறந்துபோனாள். அவள் நடமாடும் படம் இது ஒன்றுதான். அவரே இன்னும் திரையில் பார்த்ததில்லை.

நாத்தனார் மறைக்கவில்லை. "அண்ணே, மிஷின் சரியில்ல. எடுத்துட்டுப் போயிடுங்க."

"டப்பாவுக்குள்ள வச்சு என்ன பண்றது? போடுங்க" என்றவர், எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

நாத்தனார் குனிந்து வளையத்தை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். வளையம் இரண்டு முறை சுருங்கியது. டார்ச்சைப் பிடித்தபடியே என் கண் திரைக்குப் போய்விட்டது. மொட்டைமாடியில் ஒருத்தி துணி உலர்த்துகிறாள். போ போ என்று கேமராவை விரட்டுகிறாள், ஈரத்துண்டை வீசுகிறாள், அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறாள். கூடமே சிரித்தது.

படம் அறுபடாமல் முடிந்தது.

"எதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க?" என்று நாத்தனார் கேட்டாள். "நான் ஒண்ணுமே பாக்கல."

"எனக்கும் தெரியாதும்மா" என்றார் அவர். "உங்க விரலையே பாத்துட்டு நின்னுட்டேன்."

எங்கள் மூவரில் படம் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கோ அந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது.

நாத்தனார் சுருளைத் திருப்பிச் சுற்றி டப்பாவில் வைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

"அண்ணே, தப்பிச்சதே பெருசு."

"போடுங்கம்மா. நான் அங்க போய் உக்காந்துக்கறேன்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.