மலை இல்லாத படம்

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் அத்தாயியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. மரவள்ளிக் கிழங்கு வாங்க லாரியோடு வரும் வியாபாரிகூட, "அக்கா சொல்றதுதாங்க விலை" என்று முதலிலேயே சரணடைந்துவிடுவார். அப்படிப்பட்டவளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கினால் சும்மா இருப்பாளா? கழிப்பறைக்குத் தண்ணீர் வரவைத்தாள். நின்றுபோன பஸ்ஸைத் திரும்ப ஓடவைத்தாள். இப்போது அவள் கண் ஓவிய வகுப்பின் மேல் விழுந்திருந்தது.

காரணம் மகள் அருள்மொழி. ஒன்பதாவது படிக்கிறாள், பரீட்சைக்குப் பரீட்சை கணக்கில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் போல அவளும் சரிவில் கிழங்கு பிடுங்கியே காலத்தை ஓட்டக் கூடாது என்பதுதான் அத்தாயியின் ஒரே வேண்டுதல். "பொம்மை போட்டா சோறு வருமுங்களா? அந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுங்க" என்று கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். தலைமையாசிரியைக்கும் அதில் சம்மதம்தான். ஓவிய ஆசிரியர் இளங்கோ வாயைத் திறக்கவில்லை. பகுதிநேரக்காரருக்கு வாய் ஏது?

'எங்க மலை' என்று பிள்ளைகள் வரைந்த படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார், அவ்வளவுதான். வரைந்தவர்கள் பின்னால் நின்றிருந்தார்கள், அருள்மொழியும்தான். மலைமேலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஆனாலும் எல்லாப் படத்திலும் ரெண்டு முக்கோணம், நடுவே சூரியன், கீழே பாய்மரப் படகு. கொல்லிமலையில் பாய்மரப் படகு எங்கே ஓடுகிறது என்று மலைக்கோயில் அரப்பளீஸ்வரரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி இருந்தது. தாள் முழுக்கச் செம்மண் சரிவு, வரிசை வரிசையாக மரவள்ளி. வானம்கூட இல்லை.

"இதென்னங்க, மலையவே காணோம்?" அத்தாயி சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. கிட்டப் போனபோதுதான் தெரிந்தது: சரிவின் உச்சியில் எறும்பு அளவுக்கு ஒரு பொம்பளை, தலையில் மூட்டை, சேலைக்கு மேல் நீலச் சட்டை. கிழங்குக் காட்டுக்குப் போகும்போது அத்தாயி மாட்டிக்கொள்கிற, அவள் புருஷனுடைய பழைய சட்டை.

"நான் இத்தனை சின்னதாவா இருக்கேன் கண்ணு?"

அருள்மொழி தலையைத் தூக்கவில்லை. "ஊட்டு வாசல்ல இருந்து பாத்தா அப்படித்தாம்மா தெரியும். போன மழைக்கு நீ மேல வழுக்கி விழுந்தயில்ல? அதுல இருந்து, லீவு நாள்ல பொஸ்தவத்த வெச்சுக்கிட்டு உன்னையேதான் பாத்துட்டிருப்பேன். நீலச் சட்டை மறைஞ்சா பயமா இருக்கும்."

விழுந்த அன்றைக்கு, ஒண்ணுமில்லை என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போனவள் அத்தாயி. மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல் மனசுக்காரி என்று அப்போது உள்ளுக்குள் திட்டியதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

"அப்ப தீர்மானம் எழுதிரலாமுங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் அத்தாயி. "கணக்குக்கு வேற நேரம் பாருங்க. ஒரே ஊட்டுல இருந்தும் இதை அவ எங்கிட்ட வாய் விட்டுச் சொன்னதில்லீங்க. சொல்றதுக்கு அவளுக்கு அந்த வகுப்புதான் கெடைச்சிருக்குது."