சங்கரியின் கன்னமும் எதிர்க்கடை லேசரும்

சிங்கப்பெருமாள் கோயிலில் ஜாக்கெட் தைக்கும் சங்கரிக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. எதிர்க்கடை ஹரிகிருஷ்ணன் ஜெராக்ஸ் மிஷினை மூலையில் தள்ளிவிட்டு லேசர் அழகு நிலையம் திறந்த வருஷம் 2007. ஒளி பாய்ச்சுவது அவருக்குப் பழகிய தொழில்தானே. ஆறு தடவை பாய்ச்சினார். மங்கு போனது. கூடவே கன்னமும் போனது.

“இன்னாக்கா, டொக்கு வுழுந்து கீது? வூட்ல சோறு போடலியா?” அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

சங்கரி சாலையைத் தாண்டினாள். “யோவ், ஒன் லேசர்தான் என் கொழுப்ப உருக்கிச்சு. ஒன் வாயால ஒத்துக்க.”

“வயசானா ஒட்டத்தான் செய்யும். போக்கா, வெயில்ல நின்னா மறுபடி கருத்துடுவ.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஊர். மறுவாரம் சங்கரி கடைத் தலையில் பத்தடி ஃபிளெக்ஸ். இடப்பக்கம் பூரிக் கன்னத்துச் சங்கரி, வலப்பக்கம் ஒட்டிய சங்கரி. கீழே: ‘என் கன்னத்தைக் கரைத்த எதிர்க்கடை லேசருக்கு நன்றி!’

மானம் போகட்டும் என்றுதான் வைத்தாள். ஆனால் கல்யாணம் நிச்சயமான பெண்கள் நன்றியை நன்றியாகவே படித்தார்கள். “அந்தக்கா மாதிரி ஒல்லியாக்குங்க சார்!” ஹரிகிருஷ்ணன் மறுக்கவில்லை. எதிரே வரிசை நீண்டது. சங்கரி வயிறெரிந்ததில் மூன்று ஊசி உடைந்தது.

மூன்று மாதம் கழித்து அதே பெண்கள் அதே கன்னத்தோடு லேசர் கடைக்குத் திரும்பி வந்தார்கள். சங்கரி டேப்போடு ஓடினாள். ஒவ்வொரு கன்னமாக அளந்து, சத்தமாகச் சொன்னாள்: “அரை இஞ்ச் கூட கொறயல!”

“லேசர் தோலோட நின்னுடும், கொழுப்பு கரையாதும்மா!” கத்திவிட்டார் ஹரிகிருஷ்ணன்.

“அப்ப எனுக்கு?”

“ஒனக்கு ஒடம்பே பாதியாயிடுச்சு. லேசருக்கு வந்தப்பல்லாம் ஓயாம தண்ணி கேட்ட, பாத்ரூம் ஓடுன. போய் சுகர் பாரு!”

“அத ஏன்யா அன்னிக்கே சொல்லல?”

“சொன்னா நீ ஆறாவது தடவ வந்திருப்பியா?”

கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு லேசருக்கென்று அந்தக் கடைப்படியை யாரும் மிதிக்கவில்லை.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை முன்னூற்று நாற்பது. கன்னத்தைக் கரைத்தது அதுதான் என்றார் டாக்டர். சங்கரி மாத்திரை எடுத்துக்கொண்டாள். பேனரை எடுக்கவில்லை, வாசகத்தை மட்டும் மாற்றினாள்: ‘கரைத்தது சர்க்கரை. தெரிந்தும் மறைத்தது எதிர்க்கடை.’

ஹரிகிருஷ்ணன் மறுபடி ஜெராக்ஸ் எடுக்கிறார். சங்கரி மாதாமாதம் சர்க்கரை ரிப்போர்ட்டோடு அங்கேதான் போகிறாள்.

“ஒரு காப்பி போடு. மொதல்ல நீ படிச்சிட்டுப் போடு.”