பிக்கரிங் கரண்டும் மனுசியின் விசாவும்

கண்ணால் காணாத சாமானை விற்கப் புறப்பட்டவனுக்கு ரொறன்ரோவில் தெரிந்ததெல்லாம் கதவுகளின் வெளிப்பக்கம்தான். என்னைப்போல் வீடு வீடாய் மணியடித்து அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் விற்றது கரண்டு. அதை உண்டாக்குவது பிக்கரிங் அணு உலை. கொண்டுவரும் கம்பி இன்னொருவருடையது. உலையின் கரண்டு பொதுச் சந்தைக்கு வரவேண்டும், எங்களைப்போன்ற சில்லறைக் கம்பனிகளும் அதில் எடுத்து விற்கலாம் என்பது சட்டம். ஐந்து வருடத்துக்கு விலை மாறாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலை.

அது வன்னியில் சண்டை முடிந்த வைகாசி. தாயைத் தனிய விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்ற என் மனுசி, ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் நிரப்பவேண்டும். வெல்ஃபெயரில், அதாவது அரசாங்க உதவிக் காசில், இருக்கிறவன் அதை நிரப்பேலாது. வேலையை விட்டால் எனக்கு வெல்ஃபெயர்தான் கதி. மேலாளர் கார்த்திக், சென்னைப் பெடியன், கறாராகச் சொன்னான்: “அங்கிள், இந்த மாசம் மூணு கான்ட்ராக்ட் உறுதியாகணும். இல்லைன்னா பேட்ஜைக் கழட்டி வச்சிட்டுப் போயிடுங்க.”

மூன்றாவது கூரை

கையெழுத்து வாங்குவது லேசு. வயது போன மனுசனின் முகத்தை முறிக்க எங்கள் சனத்துக்கு மனம் வராது. பத்து நாள் கழித்துக் கம்பனி போன் எடுத்துக் கேட்கும்போதுதான் “வேண்டாம்” என்பார்கள். ஆகவே போனிலும் ஓம் சொல்லக்கூடிய ஆளைத் தேடினேன்.

பிக்கரிங்கில் ஒரு புதுவீட்டுக்காரர் என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போய் உலையைக் காட்டினார். “அண்ணை, உலை அந்தா தெரியுது. நடுவிலை நீங்கள் ஏன்?” நியாயமான கேள்வி. அங்கே தெரியும் வட்டக் கூரைகளில் மூன்றாவதற்குத் தார் பூசியது நான்தான் என்றேன். ஏணி எட்டாமல் ஒரு ஹெலிகொப்டரில் தொங்கினேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். மனுசன் கண்வெட்டாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப அது ஒழுகினால் உங்களைத்தானே பிடிக்கவேணும். கொண்டாங்கோ, உங்கடை பேர் எழுதின பேப்பர் ஒண்டு என்னட்டைக் கிடக்கட்டும்.”

ஒரே சோபா

அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டில் கதவு உடனே திறந்தது. உள்ளே போனால் சோபாவில் எங்கள் போட்டிக் கம்பனிக்காரன், பைலோடு. நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அவன் தன் கரண்டு சுத்தமானது என்றான். என்னுடையது அதைவிட வேகமாக ஓடும், பல்ப் எரிந்த பிறகுதான் சுவிச்சே விழும் என்றேன்.

வீட்டுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் எங்கையிருந்து எடுக்கிறியள்?” பிக்கரிங் என்று ஒரே குரலில் சொன்னோம். அவள் குசினிக்குள் போய்க்கொண்டே சொன்னது: “அப்ப உங்களுக்குள்ளை கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ, நான் தேத்தண்ணி வைக்கிறன்.”

றோட்டில் பிடித்த ஆள்

போட்டிக்காரனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. இனிப்புத் தேத்தண்ணியைக் கண்டதும் எழும்பிவிட்டான். இரண்டாவதும் உறுதியானது. மூன்றாவது, மல்வேர்னில் இருக்கும் ராணி. லாபம் வராமலும் போகலாம் என்று அவளுக்கு உண்மையைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். இப்போது கம்பனி எத்தனை தரம் அடித்தும் அவள் போனை எடுக்கவில்லை. கெடு முடிய ஒரு நாள் இருந்தது.

வீட்டுக்குப் போனால், அவள் வன்னிச் சனத்துக்கான போராட்டத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். டவுண்டவுனில் றோட்டு நிறையச் சனம், கொடி, அழுகை. கோடிப்பேர் நின்றார்கள், சரி, நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள். கால் வீங்க வீங்க நடந்து ராணியைக் கண்டுபிடித்தேன். மனுசியின் கதையைச் சொல்லி, ஒரேயொரு தரம் போனை எடு என்று கேட்டேன். அவள் கையிலிருந்த போனை இறுக்கிப் பிடித்தாள். “அண்ணை, என்ரை தம்பி அங்கை எந்த முகாமிலை எண்டே தெரியாது. நான் உங்கடை கம்பனியோடை கதைக்கேக்கை அவன் எடுத்தானெண்டால்?”

பதிவான குரல்

அவளை அந்தப் போனோடு விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்தநாள் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். கார்த்திக் அதைத் தொடவில்லை. கம்பியூட்டரில் ஒரு பதிவைத் தட்டிவிட்டான். கம்பனிப் பிள்ளையின் குரல், ஒப்பந்தம் முழுவதும் விளங்கியதா என்று கேட்டது. பிறகு ராணியின் குரல், மூச்சுவாங்க: “கரண்டு எனக்கு விளங்கேல்லை பிள்ளை. அந்தாளின்ரை மனுசி முகாமிலை நிக்கிறா, அது நல்லா விளங்குது. கெதியா ஓம் எண்டு எழுதிப்போட்டு லைனை விடும்.”

ஸ்பொன்சர் பத்திரத்தோடு வைக்க வேலைக் கடிதத்தை அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டேன். என் அனுபவத்தில், அணு உலைக் கரண்டைக் கரண்டுக்காக வாங்கிய மனிதர் ஒருவரும் இல்லை.