தேன் கீழே, எண்ணெய் மேலே

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைப்பது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, இவ்வளவுதான் வேலை. பாடம் நடத்த அவளை யாரும் விட்டதில்லை. அந்த ஆசையை விடுமுறை நாட்களில் தன் சமையலறையில் தீர்த்துக்கொண்டாள். குடியிருப்பின் வாண்டுகளெல்லாம் வந்து தரையில் உட்காரும். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கலர்த்தண்ணி அக்கா.

முதலில் கண்ணாடி டம்ளரில்தான் செய்து காட்டினாள். கணவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து நொறுக்கினார். கடைசி டம்ளர் அவள் நெற்றியில் உடைந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவள் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினாள்.

அவர் பஸ் டிரைவர். தெருநாய் குறுக்கே வந்தால்கூடப் பதறிப் பிரேக் போடுகிறவர் என்று வெளியே நல்ல பெயர். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் அந்தப் பிரேக் பிடிக்காது. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்கள். இவர் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தார். ஆனால் மகள்மேல் மட்டும் கை வைத்ததில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிள்ளைமேல் கை விழுந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அது என்ன கணக்கோ, தன் உடம்புக்கு ஒரு நியாயம், பிள்ளை உடம்புக்கு ஒரு நியாயம்.

அன்று காலை பாட்டிலில் தேன், அதன்மேல் நீலம் கலந்த தண்ணீர், அதற்கும் மேல் எண்ணெய் ஊற்றினாள். மூன்றும் கலக்காமல் அடுக்காக நின்றன.

“தேனை நெறைய ஊத்துனீங்கல்ல, அதான் கீழ போச்சு” என்றான் ஒரு வாண்டு.

அவள் ஒரு குவளை எண்ணெயில் ஒரே ஒரு சொட்டுத் தேனை விட்டாள். அது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

“எவ்வளவு ஊத்தறோம்ங்கறது இல்ல. ஒரே அளவு எடுத்தா எது கனம், அதைப் பாரு. அதுக்குப் பேருதான் அடர்த்தி. சரி, எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தலாமா?”

மகள் முந்திக்கொண்டாள். “கூடாது. தண்ணி அடியில போயிடும். அந்தச் சூட்டுல சட்டுனு ஆவியாகி, எரியிற எண்ணெயைத் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைச்சுட்டு மூடியைப் போட்டு மூடணும்.”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் அவர் வந்தார். வாண்டுகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உருளைக்கிழங்கு வறுக்க வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாடு தயாராகாததற்கு முதல் அடி. சிந்திக் கிடந்த நீலத் தண்ணீரில் கால் வழுக்கியதற்கு அடுத்த அடி. முடியைப் பிடித்து அலமாரியில் மோதினார். கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தார். வாயெல்லாம் ரத்தம். அடுப்பை யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் புகைந்து, குப்பென்று பற்றிக்கொண்டது.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து மூடியை எடுத்தாள். அவர் வாளித் தண்ணீரைத் தூக்கினார்.

மகள் குறுக்கே வந்து நின்றாள். அப்பாவைக் காப்பாற்றத்தான் வந்தாள்.

“அப்பா, ஊத்தாதீங்க. உங்க மேல தெறிக்கும்.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

வாளியை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் ஓங்கி அறைந்தார். பிள்ளை மேசைக்காலில் மோதிச் சுருண்டு விழுந்தது.

மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் மகளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ வெடித்தது. பிறகு அவருடைய அலறல். பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்வையோடு உள்ளே பாய்ந்தார்கள்.

உயிர் பிழைத்துவிட்டார். பாதி முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் அவளை மறித்துக்கொண்டார்.

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றியே. கட்டினவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அவர் பொண்ணு சொன்னா, அண்ணி. அதுக்குத்தான் அறை வாங்கினா.”

கணவருக்காக அவளுக்கு அழுகை வந்தது, பொய்யில்லை. தப்புச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. அந்த வீட்டுப் படியை அவள் மறுபடி மிதிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது.

அங்கே போனதும் முதலில் வாங்கியது கண்ணாடி டம்ளர்கள். மகளின் கன்னத்தில் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. டம்ளரில் தேனை மெதுவாக ஊற்றிக்கொண்டே மகள் கேட்டாள்.

“அம்மா, அன்னிக்கு மூடி உன் கையிலதானே இருந்துச்சு?”

“ஆமா.”

“போட்டு மூடியிருக்கலாம்ல?”

“மூடியிருக்கலாம். ஆனா உன்னைத் தூக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமே.”