மாமா பூசிய சாக்லேட்

என் மாமா சுவர் பூசுகிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரர்களை விசாரிக்க மாட்டார், சுவரை விசாரிப்பார். உள்ளங்கையைப் பதித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டாலும் "ம்"தான், ஆனால் அது கொஞ்சம் நீளமாக இருக்கும். அத்தையின் தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர், தொட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தடவிவிட்டு நீளமான "ம்" ஒன்றைப் போட்டார். குழந்தையைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்ட தம்பி வீட்டார் வெகுநாள் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அது சுவருக்கான "ம்" என்று அத்தைதான் போய் விளக்கிச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

அத்தைக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கும், எது கிளம்பிவிட்டது, எது வரவே வராது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. பேசாத நேரத்தில் சாப்பிடுவார், சாப்பிடும் நேரத்திலும் பேசுவார். அத்தை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், இப்போதுதான் வயிறு முட்டத் தின்றவனுக்கும் மறுபடி பசிக்கும். விரலை நக்கிக்கொண்டே, "இன்னொரு வாய் போட்டாத்தான் முடிவு சொல்ல முடியும்" என்பார். முடிவு சொல்லும்போது பாத்திரம் காலியாக இருக்கும்.

அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து நான் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். என் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது, வீட்டில் வாலு. பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டதா, நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேனா என்பதில் எனக்கும் தலைமை ஆசிரியைக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

குளிர்காலத்தில் அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மணம் என்று எதுவுமே தெரியவில்லை. மணம் போனால் ருசியும் முக்கால்வாசி அதோடு கிளம்பிவிடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. "வந்துடும். எப்பன்னுதான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பேருந்து நிலையத்தில் அத்தை பயணிகளுக்குச் சொல்கிற அதே பதில்.

அன்றிலிருந்து அத்தை நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். "நனஞ்ச அட்டப்பெட்டிய மெல்லுற மாதிரி இருக்குடி. மெல்லுறதுக்கே அலுப்பா இருக்கு." சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது மோதிரம் விரலிலிருந்து கழன்று தொட்டிக்குள் விழுந்தது. நான் கையைவிட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். மாமா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வாங்கி வராத பண்டம் இல்லை. எண்ணெயில் பொரித்தது, சர்க்கரையில் ஊறியது, பெயரே வாயில் நுழையாதது, எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் நான்தான் தின்று தீர்த்தேன். என் சட்டை இறுகியது, அத்தையின் சட்டை தளர்ந்தது. அத்தை சாப்பிட உட்கார்ந்தால் மாமா எதிரில் உட்கார்ந்துகொள்வார். காயாத சுவரைப் பார்க்கிற மாதிரி அத்தையின் தட்டையே பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் தரையில் படுத்துக்கொண்டு போனில் ஏதோ இனிப்புப் பண்டம் செய்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் பிஸ்கட், அதன்மேல் பீநட் பட்டர், அதன்மேல் சாக்லேட் என்று ஒரு பெண் அடுக்கிக்கொண்டே போனாள். மாமா தலைக்குமேல் வந்து நின்றார்.

"நிறுத்து, நிறுத்து. அந்தப் பொண்ணு கரண்டி பிடிக்கிற விதமே சரியில்ல."

"மாமா, அது கேக்கு மாதிரி ஒண்ணு. சுவர் இல்ல."

"எதுவா இருந்தா என்ன. கீழ்ப்பூச்சு இறுகுறதுக்கு முன்னாடி மேல்பூச்சு போடுறா. நாளைக்கே பொரிஞ்சு வந்துடும்."

"நாளைக்கு வரைக்கும் யாரு விட்டு வைப்பாங்க? இன்னைக்கே தின்னுடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. வீடியோவை முதலிலிருந்து போடச் சொல்லி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். பிறகு துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டார்.

"உனக்கு வாயில எதுவுமே தெரியலையா?"

"எத்தன தடவைங்க சொல்றது? இனிப்பு, உப்பு ஏதோ லேசாத் தெரியுது. என்ன திங்கிறேன்னுதான் தெரியல."

"அதக் கேக்கல. சூடு, ஜில்லு? மெத்துன்னு இருக்கா, மொறுமொறுன்னு இருக்கான்னு?"

"அது தெரியாம என்ன? பல்லு இருக்கில்ல."

"ம்" என்றார் மாமா. சின்ன "ம்".

மறுநாள் ஞாயிறு. அத்தைக்குச் சாயங்காலம் வரை வேலை. அவர் தெருமுனை திரும்பியதும் மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாலு, கிளம்பு. கடைக்குப் போறோம்" என்றார். பெரிய வேலைக்குப் போகிறபோது மட்டும் வருகிற குரல் அது.

கடையில் பீநட் பட்டர் இரண்டு வகை இருந்தது. ஒன்று வழவழப்பு, ஒன்றில் கடலைத் துண்டுகள். மாமா இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கல்லாவில் இருந்த பெண் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "கட்டட வேலைக்கு" என்றேன். அவள் அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு புதுப் பூச்சுக் கரண்டியை எடுத்தார். சிமெண்டின் முகத்தையே பார்க்காதது. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார், துடைத்தார், மறுபடியும் போட்டார். அப்படி ஒரு குளியலை நான் பிறந்த நாளன்றுகூடப் போட்டதில்லை.

பிஸ்கட்டைத் துணியில் முடிந்து பூரிக்கட்டையால் தட்டும் வேலை எனக்கு. மாவாகத் தட்டிவிட்டேன் என்று திட்டு விழுந்தது.

"இவ்வளவு நைஸா இருந்தா எப்படி? பல்லுக்குத் தெரியணும்டி. கொஞ்சம் பரும்படியா வேணும்."

சல்லடை கொண்டுவந்து சலித்தார். நைஸாக விழுந்ததைத் தனியே ஒதுக்கினார், பரும்படியை எடுத்துக்கொண்டார். உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசைந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, தம்ளரின் அடியால் அழுத்தி அழுத்தித் தளம் போட்டார். பிறகு பைக்குள் கையைவிட்டு, சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்தியோடு கை கழுவப் போனார்.

அப்படி ஒரு குமிழி நடுவில் நிற்கும்போது என் கை சும்மா இருக்காது. ஒரு சாக்லேட் உறையை நாலாக மடித்துப் பாத்திரத்தின் ஒரு மூலைக்கு அடியில் செருகினேன். மாமா வந்து பார்த்தார். குமிழி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரசமட்டத்தைத் திருப்பி வைத்தார். சமையல் மேடையைத் தட்டினார், குனிந்து மேடையின் காலைப் பார்த்தார். எனக்கு உள்ளே சிரிப்பு கொதித்தது. உறையைக் கண்டுபிடித்தவர் அதை விரித்து, மடிப்பு நீக்கி, என் நெற்றியில் வெண்ணெய் தொட்டு ஒட்டிவைத்தார்.

ஆனால் அவருக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் தட்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். இல்லை. ஃபிரிட்ஜை நானும் அவருமாக நகர்த்தி, காலுக்கு அடியில் அட்டை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து மட்டம் சேர்ப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. குறும்பு செய்தால் தண்டனை கிடைக்கும் என்பார்கள், ஃபிரிட்ஜ் அளவுக்குக் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

தளம் ஃபிரிட்ஜில் இறுகியது. நான் கிரீமை அடித்து நுரைக்க வைத்தேன், மாமா அதில் துண்டுகள் இருந்த பீநட் பட்டரைக் கலந்தார். அதைப் பாத்திரத்தில் போட்டுக் கரண்டியால் ஒரே ஓர் இழுப்பு. நான் கேலி செய்ய வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்தக் கடலைத் துண்டுகளையும் மீறி மேற்பரப்பு நிலைக்கண்ணாடி மாதிரி படுத்திருந்தது. அடுத்த நிமிடமே முள்கரண்டியால் அதன்மேல் கோடு கோடாகக் கீறினார்.

"ஐயோ, ஏன் மாமா?"

"மேல்பூச்சு பிடிக்கணுமில்ல."

கடைசியாகச் சாக்லேட். கொதிநீர்மேல் கிண்ணத்தை வைத்து நான் உருக்கிக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. கீறல் போட்ட பூச்சு நன்றாக இறுகட்டும் என்று மாமா காத்திருந்ததில் சாக்லேட் கொஞ்சம் ஆறிக் கெட்டியாகியது. கலவை கெட்டியானால் பூசுகிறவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவர் கை செய்தது. பக்கத்திலிருந்த தண்ணீரில் விரல்களை முக்கி, கிண்ணத்தில் உதறிக் கிளறினார்.

என் கண்ணெதிரே அது திரிந்தது. பளபளப்பு போய், மணல் மணலாகச் சுருண்டு, கரண்டியோடு கட்டியாக எழும்பி வந்தது. மாமா இன்னும் கொஞ்சம் தெளித்தார். இன்னும் மோசமானது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல தண்ணி ஊத்திக் கலவை கெட்டியாகி நான் பாத்ததே இல்ல."

"சாக்லேட்டுக்குத் தண்ணி ஆகாதாம் மாமா. இப்பத்தான் பாக்கிறேன், வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கு."

"வேற வாங்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை மதியத்தோட கடை மூடிடுவாங்களே."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கையெல்லாம் சாக்லேட், அதைத் துடைக்கவும் இல்லை. "எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். இதுலயாவது அவளுக்கு ஒண்ணு செஞ்சுடலாம்னு பாத்தேன்" என்றார் கிண்ணத்தைப் பார்த்து.

என்னிடம் எந்த நேரத்துக்கும் ஒரு கேலி கைவசம் இருக்கும். அப்போது தேடிப் பார்த்தேன், இல்லை. போனை உருட்டினேன். "சூடான கிரீம் விட்டா சரியாகும்னு போட்டிருக்கு மாமா. முழுசையும் சரி பண்ணிடலாம்."

அவர் கட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். மணலைச் சோதிக்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். வாயில் போட்டார். மென்றார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"முழுசையும் வேணாம். பாதிக்கு மட்டும் கிரீம் விடு."

மீதிப் பாதியை ஃபிரீசரில் வைத்து இறுக்கி, உடைத்து, ஜல்லி பரப்புகிற மாதிரி பீநட் பட்டரின் மேல் பரப்பினார். கிரீம் விட்டதும் மென்மையாகிவிட்ட சாக்லேட்டை அதன்மேல் இழுத்து மூடினார். அதற்கும் மேல் வறுத்த கடலையை நொறுக்கித் தூவினோம். எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போயிற்று. மட்டமான ஃபிரிட்ஜ்.

அத்தை வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே, "எனக்கு ஒண்ணும் வேணாம், பசிக்கல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னடி நெத்தியில எண்ணெய்?"

"அது பெரிய கதை அத்த."

மாமா ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து எதிரில் நீட்டினார். கண்ணாடி வழியாகத் தெரிந்த அடுக்குகள் தட்டிலும் கலையாமல் நின்றன.

"வேணாங்க. வீணாப் போகும்."

"திங்க வேணாம். வேலை எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

வேலையைப் பார்த்துச் சொல் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. அத்தைக்கும் அது தெரியும் போலிருக்கிறது, உட்கார்ந்துவிட்டார். கரண்டியை அடிவரை இறக்கி ஒரு வாய் எடுத்தார். அடித்தளம் உடைகிற சத்தம் எனக்கே கேட்டது.

"ருசி ஒண்ணும் தெரியலைங்க" என்றார் அத்தை.

மாமா தலையாட்டினார். தட்டை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். ஆனால் கரண்டி மறுபடி தட்டுக்குப் போய்விட்டது.

"மேல ஜில்லுன்னு வழுக்கிட்டுப் போகுது. அப்புறம் ஏதோ மெத்துன்னு. அடியில மொறுமொறுன்னு உடையுதே, என்ன அது?"

"பிஸ்கட்."

"நடுவுல ஒண்ணு கரகரன்னு மாட்டுது."

"அது என் தப்பு. தண்ணி விட்டுட்டேன்."

அத்தை மென்றார். இன்னொரு வாய். "அந்தத் தப்ப இன்னும் கொஞ்சம் தாராளமாப் பண்ணியிருக்கலாம் நீங்க" என்றார் வாய் நிறைய.

மாமா எழுந்தார். கரண்டியைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டியது ஒரே ஒரு கரண்டி, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் சில இடங்களில் வால் சுருண்டுகொள்ளும்.

அத்தையின் தட்டில் ஒரு பொடிகூட மிச்சமில்லை. நான் பாத்திரத்தை நோக்கி என் கரண்டியை மெல்ல நகர்த்தினேன். அத்தை பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"கைய எடுடி. இத்தன நாள் ரெண்டு ஆள் சாப்பாட்டத் தனியாத் தின்னவதான நீ" என்றார். பிறகு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, தண்ணி வீணாகுது பாருங்க. குழாய மூடிட்டு வந்து எனக்கு இன்னொரு துண்டு வெட்டுங்க. முன்னத விடப் பெரிசா."