ஹாரனுக்கு முன் இரண்டு தட்டு

கொடைக்கானலில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேச வேண்டும். எனக்கு அது வராது. அதனால் சிறப்புப் பள்ளி வேனுக்கு ஆள் கேட்டபோது சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளே பவித்ரா ஏற மறுத்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மேல்மலைக் கிராமத்தில் பூண்டு பயிரிடும் வீட்டுப் பிள்ளை. பத்து வயது, டவுன் சிண்ட்ரோம். யார் ஏறினாலும் எல்லோரும் கைதட்டி குட்மார்னிங் சொல்வது எங்கள் வேனின் வழக்கம். டவுன் சிண்ட்ரோம் உள்ள மற்ற பிள்ளைகள் அதற்காகவே ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள். இவள் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். வளைவில் நான் ஹாரன் அடித்தால் ஜன்னலில் தலையை முட்டுவாள்.

"டவுன் பிள்ளைக பாசமாத்தேன் இருக்கும். இது செல்லம் குடுத்துக் கெட்டது" என்பார் வேன் ஆயா மேரி அக்கா. பவித்ராவின் அம்மா பாண்டியம்மாள் தலைகுனிந்து நிற்பார். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "பெத்தவ மடியிலயும் உக்கார மாட்டேங்குறாண்ணே. எம்மேல என்ன கோவமோ."

வண்டியை எடுத்துவிட்டேன்.

மதுரையிலிருந்து பள்ளிக்கு வரும் டாக்டரம்மா, பவித்ராவைப் பல முறை பார்த்த பிறகு பாண்டியம்மாளையும் எங்களையும் கூப்பிட்டுச் சொன்னார். டவுன் சிண்ட்ரோமோடு ஆட்டிசமும் இருக்கிறதாம். சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வருமாம். முதலாவது முகத்திலேயே தெரிந்துவிடுவதால் இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லையாம்.

"ரெண்டுமாங்க?" என்றார் பாண்டியம்மாள். பிறகு, "அப்ப எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இல்லம்மா. சத்தமும் தொடுறதும் திடீர்னு வந்தா அவளால தாங்க முடியல."

அன்றோடு கைதட்டல் நின்றது. பவித்ரா ஏறும்போது எல்லோரும் கையை மட்டும் தூக்கிக் காட்டுவோம். "எழவு வீடு மாதிரில்ல கெடக்கு" என்று முணுமுணுத்த மேரி அக்காதான் முதலில் கையைத் தூக்குவார்.

ஹாரனை நிறுத்த முடியாது. மூடுபனியில் எதிரே காய்கறி லாரி வரும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் டேஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஹாரன் அடிக்கத் தொடங்கினேன். முதலில் பலனில்லை. சில வாரம் போன பிறகு, தட்டு கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வாள். தலையை முட்டுவது குறைந்தது.

ஒருநாள் பாண்டியம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேனில் வந்தார். எப்போதும்போல மகளைத் தொடாமல் இடம் விட்டு உட்கார்ந்தார். பனி இறங்கியிருந்தது. வளைவுக்கு முன் தட்டினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். பவித்ரா ஒரு கையால் தன் காதைப் பொத்தினாள். இன்னொரு கையை நீட்டி அம்மாவின் காதைப் பொத்தினாள். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ராவின் இன்னொரு காது திறந்தே இருந்தது.

ஹாரனை எவ்வளவு சின்னதாக அடிக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக அடித்தேன். பாண்டியம்மாள் அசையவே இல்லை.

புதிதாக வரும் டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முகத்தைப் பார்த்ததும் பிள்ளையைத் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். வளைவு வந்தால் முதலில் இரண்டு தட்டு தட்டுங்கள்.